தோழியின் பாஸ்வேர்டில் இறக்கிய 412 கட்டுரைகள்: போலீஸ் வழக்கு வருமா?

பென்னாகரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் பெண் மருத்துவர் எழுதியிருக்கிறார். வயது 31. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நீண்ட கடிதம். சாரம் இதுதான்.

பள்ளிகளுக்குப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்க்கிறார். நாற்பது வயதைத் தாண்டாதவர்கள்கூட இடுப்பு விறைத்துப்போய், குனிய முடியாமல் வருகிறார்கள். தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடால் வரும் ஃபுளோரோசிஸ் நோய்தான் இது என்று தெரியும். ஆனால் தன் பகுதியில் நிலைமை எப்படி இருக்கிறது என்று முறையாக ஓர் ஆய்வு செய்து எழுத வேண்டும் என்பது ஆசை. அதற்காகப் படிக்க உட்கார்ந்தால், பாதிக் கட்டுரைகள் சுருக்கத்தோடு நின்றுவிடுகின்றன. முழுதும் படிக்க ஒவ்வொன்றுக்கும் முப்பது, நாற்பது டாலர் கேட்கிறது. வளரும் நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் இலவசமாகத் தருகிறது என்று கேள்விப்பட்டு, ஹினாரி திட்டத்தில் பதிவு செய்யப் போனார். நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

அப்போதுதான், வேறு மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.டி. படிக்கும் தோழி தன் கல்லூரிக் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தார். இவர் மொத்தமாக இறக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு இரண்டே இரவில் 412 கட்டுரைகளை எடுத்துவிட்டார். சிலவற்றை மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். மூன்றாம் நாள் பதிப்பகம் அந்தக் கல்லூரி முழுவதற்கும் இணைப்பை நிறுத்திவிட்டது. யார் செய்தது என்று கேட்டு நூலகர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். தோழி இன்னும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டியவர், பயத்தில் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லையாம்.

"போலீஸ் கேஸ் வருமா? பேசாமல் இருந்தால் தானாக அடங்கிவிடுமா? கல்விக்காக நகல் எடுப்பது குற்றமில்லை என்று டெல்லி நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்கிறார் கணவர். ஓசூரில் ஒருவர் வருடத்துக்கு 1,500 ரூபாய்க்கு லாகின் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? என்னைப் போல கல்லூரிக்கு வெளியே இருப்பவர்கள் படிக்கவே கூடாதா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. சமூக மருத்துவத் துறையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். கல்லூரியின் நூலகக் குழுவிலும் இருந்திருக்கிறேன். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளெல்லாம் புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் உட்கார்ந்து ஃபுளோரோசிஸ் பற்றிப் படிக்க நினைக்கிற டாக்டர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? உங்கள் ஆசையில் ஒரு குறையும் இல்லை. போன வழிதான் தவறு. அதைச் சரிசெய்யவும் இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் பயத்தைப் பேசுவோம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் 66சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிறருடைய பாஸ்வேர்டை மோசடியாகவோ நேர்மையற்ற நோக்கத்தோடோ பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இணையத்தில் தேடி இதைத்தான் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த 'நோக்கம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தோழி தானே கொடுத்தார், நீங்கள் படிக்க எடுத்தீர்கள், விற்கவில்லை. இதை மோசடி என்று நிறுவுவது எளிதில்லை. அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தோழி கொடுத்த அனுமதி, கல்லூரி கொடுத்த அனுமதி ஆகாது. அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவு, பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினி அமைப்பிலிருந்து தரவை இறக்கினால் இழப்பீடு கேட்க இடம் தருகிறது. கல்லூரியிலிருந்தோ பதிப்பகத்திலிருந்தோ எழுத்து மூலமாக ஏதாவது வந்தால், பதில் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆனால் நான் குழுவில் இருந்த காலத்தில் இப்படி நடந்தபோது கதை காவல் நிலையம் வரை போகவில்லை. ஒரே கணக்கிலிருந்து சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகள் போனால் பதிப்பகத்தின் கணினி அதைக் கவனித்து இணைப்பை நிறுத்திவிடும். மனிதர் படிக்கிற வேகம் அது இல்லையே. பிறகு கல்லூரிக்குக் கடிதம் வரும்: யார், எதற்காக, இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று. கல்லூரி பதில் சொன்னதும் இணைப்பு திரும்பியது. இங்கே சிக்கல் என்னவென்றால், பதில் சொல்ல நூலகரிடம் எதுவும் இல்லை. உங்கள் இருவரின் மௌனம் நீளும் ஒவ்வொரு நாளும் அந்தக் கல்லூரியில் மற்ற முதுநிலை மாணவர்களும் படிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆய்வேடு இருக்கிறது.

எந்தக் கணக்கிலிருந்து போனது என்ற பதிவு பதிப்பகத்திடமோ கல்லூரியிடமோ இருக்க வாய்ப்பு அதிகம். அது வெளியே வந்தபின் தோழி பேசினால் சமாளிப்பு போலத் தெரியும். இன்றைக்கே பேசினால் அது நேர்மை.

இன்றிரவு தோழிக்கு போன் செய்யுங்கள். முதலில் அவர் நூலகரை நேரில் பார்க்கட்டும், நீங்கள் உடன் போங்கள். முடியாவிட்டால் உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். எந்தத் தேதி, எத்தனை கட்டுரை, எந்த மென்பொருள், எதற்காக என்று ஒளிக்காமல் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் பகிர்ந்ததையும் எழுதுங்கள். பணத்துக்காக யாருக்கும் கொடுக்கவில்லை என்பதையும், இறக்கியவர் நீங்கள்தான் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். இந்தப் பாரத்தைத் தோழி தலையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். தோழி அன்றே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். கோப்புகளை அவசரப்பட்டு இப்போதே அழிக்க வேண்டாம், மறைத்தது போல ஆகிவிடும். சொல்லிவிட்டு, நூலகர் அழிக்கச் சொன்னதும் அழியுங்கள். வாட்ஸ்அப் குழுவிலும் "நான் போட்டவற்றை நீக்கிவிடுங்கள்" என்று ஒரு வரி.

தோழியின் படிப்பு போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். முடிவு கல்லூரியின் கையில் இருக்கிறது, நான் வாக்குத் தர முடியாது. எங்கள் குழுவுக்கு வந்தவற்றில், தாமாக வந்து சொன்னவர்களுக்குக் கண்டிப்பும், எழுத்து மூலம் உறுதிமொழியும், சில மாதம் கணக்கு முடக்கமும் கிடைத்தன. அதற்கு மேல் நாங்கள் போனதில்லை.

கணவர் சொன்ன டெல்லி தீர்ப்பு

அவர் சொல்வது டெல்லி பல்கலைக்கழகத்தில் நகல் கடை ஒன்றின் மேல் பதிப்பகங்கள் போட்ட வழக்கு. 2016-இல் தீர்ப்பு வந்தது, மாணவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அது பேசியது, ஆசிரியர் பாடத்துக்காகத் தேர்ந்தெடுத்த பக்கங்களைத் தொகுத்து மாணவருக்குக் கொடுப்பது பற்றி. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவில், சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்ற விலக்கும் தனியாக இருக்கிறது. ஒரு கட்டுரையை நீங்கள் முறையாகப் பெற்று, நகல் வைத்துக்கொண்டு, கோடு போட்டுப் படிப்பதற்கு அது துணை நிற்கும். இன்னொருவர் கணக்கில் நுழைவதற்கும், 412 கோப்புகளை ஒரே மூச்சில் எடுப்பதற்கும், குழுவில் பரப்புவதற்கும் அதை இழுத்துப் போர்த்த முடியாது.

ஓசூர்க்காரர் விற்பது பெரும்பாலும் ஏதோ ஒரு மாணவருடைய திருடப்பட்ட கணக்காகத்தான் இருக்கும். வாங்காதீர்கள். கட்டணக் கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் போன்ற தளங்களையும் நம்பி இருக்க வேண்டாம். 2020 டிசம்பரில் மூன்று பெரிய பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன, 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. எத்தனை நல்ல மருத்துவர்கள் வேறு வழியில்லாமல் அங்கே போனார்கள் என்பது எனக்குத் தெரியும், அவர்களைக் குற்றம் சொல்ல மனம் வராது. ஆனால் அரசுப் பணியில் இருக்கும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க முடியாது.

ஹினாரியில் இந்தியா ஏன் இல்லை?

உலக சுகாதார நிறுவனமும் ஆறு பெரிய பதிப்பகங்களும் சேர்ந்து 2002 ஜனவரியில் சுமார் 1,500 இதழ்களோடு ஹினாரியைத் தொடங்கின. இன்றைக்கு அது ரிசர்ச்4லைஃப் என்ற பெரிய குடையின் கீழ் வருகிறது. மிக ஏழ்மையான நாடுகளுக்கு இலவசம், அடுத்த படியில் இருக்கும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணம். நீங்கள் 'வளரும் நாடு என்றால் எல்லோருக்கும்' என்று எண்ணிவிட்டீர்கள். தனிநபர் வருமானத்தோடு நாட்டின் மொத்தப் பொருளாதார அளவையும் அவர்கள் பார்க்கிறார்கள். இந்தியா பெரிய நாடு, மொத்தத்தில் பெரிய பொருளாதாரம். தொடக்கத்திலேயே நம் தனிநபர் வருமானம் வரம்புக்குள் இருந்தும் நம்மைச் சேர்க்கவில்லை. பதிப்பகங்களுக்கு இங்கே ஏற்கெனவே கணிசமான சந்தா வியாபாரம் இருந்தது காரணமாகச் சொல்லப்பட்டது. பென்னாகரத்து டாக்டருக்கு இது எந்த வகையிலும் நியாயமாகப் படாது, எனக்கும் படவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் உள்ள நாடுகளிலும் தனிமனிதர்கள் சேர முடியாது. மருத்துவமனை, கல்லூரி, நூலகம் என்று நிறுவனம்தான் பதிவு செய்யும். அந்த லாகினை நிறுவனத்துக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை அங்கும் உண்டு.

அப்படியானால் நம் நாட்டில் என்ன இருக்கிறது? 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை, ஆய்வு இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களும் இதில் வருகின்றன. உங்கள் தோழியின் கல்லூரி வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் வரவில்லை. இருவருக்கும் சம்பளம் தருவது ஒரே அரசு, ஆனால் நீங்கள் உயர்கல்வி நிறுவனத்தில் இல்லை. நோயை முதலில் பார்க்கிற இடத்தில் இருப்பவருக்குக் கதவு மூடியிருக்கிறது என்பது திட்டத்தில் உள்ள உண்மையான ஓட்டை. உங்கள் மருத்துவ அலுவலர் சங்கம் வழியாகச் சுகாதாரத் துறைக்கு இதை எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பரிசோதித்து ஆய்வுக் கட்டுரை எழுத நீங்கள் திட்டமிடுகிறீர்கள். அதற்கு, ஆய்வில் பங்கேற்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உங்கள் சுகாதார நிலையத்தில் அப்படி ஒரு குழு கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதமும், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இசைவும் தேவை. ஒப்புதல் இல்லாமல் எடுத்த தரவை எந்த நல்ல இதழும் வாங்காது. எப்படியும் நீங்கள் ஒரு மருத்துவக் கல்லூரியின் படியேற வேண்டும்.

அந்தக் கல்லூரி உங்களிடமிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருக்கிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் தொடங்கியது. அரசுக் கல்லூரி என்பதால் ஒரே சந்தா திட்டத்துக்குள் வரும். கிருஷ்ணகிரிப் பக்கம் உள்ளவர்களுக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கல்லூரி இருக்கிறது. அங்கே சமூக மருத்துவத் துறையில் ஒரு பேராசிரியரைப் பாருங்கள். "களம் என்னிடம் இருக்கிறது, பள்ளிகளை எனக்குத் தெரியும், சேர்ந்து செய்யலாமா" என்று கேளுங்கள். ஆள் கிடைக்காமல் அலைகிற துறைகள் இருக்கின்றன, களத்தில் கால் வைத்திருக்கும் மருத்துவர் அவர்களுக்கும் தேவை. அவர் இணை ஆய்வாளரானால், நெறிமுறைக் குழு விண்ணப்பம் அந்தக் கல்லூரி வழியாகப் போகும். கட்டுரைகளை அவர் தன் உரிமையில் எடுத்து, சேர்ந்து செய்யும் ஆய்வுக்காக உங்களோடு உட்கார்ந்து படிக்கலாம்.

நூலகரையும் தனியாகப் பாருங்கள். வெளியாள் நூலகத்துக்குள் வந்து, அங்கே உள்ள கணினியில் உட்கார்ந்து படிக்கப் பல பதிப்பக உரிமங்கள் இடம் தருகின்றன. கேட்டால்தான் தெரியும், பலர் கேட்பதே இல்லை. மாவட்ட சுகாதார அலுவலரிடமிருந்து ஓர் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். ஆய்வுக்கும் அது தேவைப்படும். பள்ளிகளுக்குள் நுழைய முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியும் வேண்டும்.

412 கட்டுரையும் வேண்டாம்

உங்கள் பட்டியலில் எத்தனை கட்டுரையை முழுதாகப் படித்தீர்கள் என்று நேரில் இருந்தால் கேட்டிருப்பேன். ஒரு மாவட்டத்து ஃபுளோரோசிஸ் ஆய்வுக்கு நாற்பது நல்ல கட்டுரை போதும். முதலில் கேள்வியைக் கூர்மையாக்குங்கள், கட்டுரைகள் தாமாகக் குறையும். சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டவும் வேண்டாம். சுருக்கத்தில் வராத குறைகள் முறையியல் பகுதியில்தான் இருக்கும்.

பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளுக்கான ஓர் இணையத் தேடல் பட்டியல். முழுக் கட்டுரை இருக்கும் இடம் பப்மெட் சென்ட்ரல். அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இலவசம். பப்மெட்டில் தேடும்போது இடப்பக்கம் உள்ள 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' பெட்டியைத் தட்டினால் போதும். அன்பேவால் என்ற சிறு நீட்டிப்பை உலாவியில் போட்டுக்கொண்டால், சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுகள் வெளியாகி ஓராண்டு ஆனதும் திறந்துவிடும். ஐ.சி.எம்.ஆர். 1913 முதல் நடத்தும் இந்திய மருத்துவ ஆய்வு இதழும், சமூக மருத்துவத்துக்கான இந்திய இதழும் இலவசம். ஃபுளோரோசிஸைப் பொறுத்தவரை நம் நாட்டு ஆய்வுகள்தான் உங்களுக்கு அதிகம் தேவை, அவற்றில் பெரும்பகுதி இப்படித் திறந்த இதழ்களில் இருக்கிறது.

அப்படியும் கிடைக்காதவற்றுக்கு ஆசிரியருக்கே எழுதுங்கள். நான் படித்த காலத்தில் இதற்கென்றே அச்சடித்த அஞ்சலட்டைகள் இருந்தன. பெயரும் கட்டுரைத் தலைப்பும் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புவோம். இரண்டு மாதம் கழித்து, சில நேரம் ஆசிரியரின் கையெழுத்தோடு பிரதி வரும். ஃபுளோரைடு பற்றி எனக்கு அப்படி வந்த முதல் பிரதியை இன்னும் வைத்திருக்கிறேன். இன்று அதுவே ஒரு மின்னஞ்சல். "நான் தர்மபுரி மாவட்டத்தில் அரசு மருத்துவர். இங்கே குடிநீரில் ஃபுளோரைடு அதிகம். உங்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க விரும்புகிறேன், பிரதி அனுப்ப இயலுமா" என்று ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுங்கள். தன் வேலையை ஒருவர் தேடிப் படிக்கிறார் என்றால் ஆராய்ச்சியாளருக்கு மகிழ்ச்சிதான்.

உங்கள் கேள்வி பற்றியும் ஒரு யோசனை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளோரோசிஸைக் குறைப்பதையும் நோக்கமாகக் கொண்டு ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கியது. நிரந்தர முன்பற்களின் எனாமல் பிறந்த முதல் சில ஆண்டுகளில் உருவாகிறது. அப்போது குடித்த தண்ணீரின் கதை பிறகு ஏழெட்டு வயதில் முளைக்கும் பல்லில் தெரியும். ஆக, காவிரித் தண்ணீர் வந்தபின் பிறந்த பிள்ளைகளின் பற்கள் இப்போது உங்கள் பள்ளிகளில் உங்கள் கண்முன் இருக்கின்றன. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வந்த கிராமத்தையும், இன்னமும் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கும் கிராமத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பற்களில் கறை எவ்வளவு என்பதை, ஃபுளோரோசிஸின் தீவிரத்தை அளக்கும் டீன் குறியீட்டில் பதியுங்கள். ஒவ்வொரு கிராமத்தின் தண்ணீரையும் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க அளவு, வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை. பிள்ளை பிறந்த ஆண்டையும், முதல் ஐந்து வயதில் எந்த ஊரில் எந்தத் தண்ணீர் குடித்தது என்பதையும் தாயிடம் மறக்காமல் கேளுங்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் உங்கள் பகுதியில் நிறைய இருக்கும், அதைப் பதியாவிட்டால் கணக்கு முழுதும் தப்பாகும்.

இந்தக் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி, பேராசிரியரைப் பார்க்கப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள். ஆனால் அதற்கு முன், இன்றிரவு, தோழிக்கு அந்த போன்.